பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து

கருப்பையாவின் மகளுடைய கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயருக்குப் பின்னால் அச்சான மூன்று எழுத்துகளுக்கு நான்தான் பொறுப்பு. அவற்றை நான் எழுதவில்லை. எழுதச் சொல்லவும் இல்லை. வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவ்வளவே போதும்.

ஆபீசில் அப்படி ஒரு வழக்கம் நெடுநாளாக உண்டு. லீவு கேட்டோ, குடியிருக்கும் லயத்துக் கூரைக்குத் தகரம் கேட்டோ யாராவது வந்து ஜன்னலுக்கு வெளியே நிற்பார்கள். முடியாது என்றால் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, சத்தம் போடுவார். முடியும் என்றால் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே இருப்பார். 'ஆகட்டும்' என்று வாயால் சொன்னால் நாளைக்கு இன்னொருவன் அதைச் சாட்சியாகக் காட்டுவான் என்பது எனக்கு முன்னால் இருந்த கிராணிகளின் எண்ணம். ஆகவே, சத்தம் வராவிட்டால் அனுமதி. ஆட்கள் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, 'சரிங்க ஐயா' என்று தாங்களே சொல்லிக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு இயல்பாகவே பேச்சு குறைவு. ஒரு கேள்விக்குப் பதிலை யோசித்து முடிப்பதற்குள் கேட்டவர் பாதி மலை இறங்கியிருப்பார். அதனால் இருபது வருஷத்தில், அமிர்தலிங்கம் கிராணி தாராள மனசுக்காரர் என்று பெயர் எடுத்திருந்தேன்.

அந்த மூன்று எழுத்துகள் வில்கின்ஸ் துரையுடையவை. எழுபத்தைந்தில் சீமைக்குத் திரும்பும்வரை பதினெட்டு வருஷம் எங்கள் மேனேஜர். சண்டைக்காலத்தில் ஆகாயப்படையில் இருந்தவர். அங்கே எல்லாவற்றையும் எழுத்துகளாகச் சுருக்கித்தான் பேசுவார்கள் போலிருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் அனுப்பிய துண்டுக் காகிதம் ஒன்றின் மூலையில் பி.டி.க்யூ. என்று இருந்தது. மறுநாள் இன்னொன்றிலும் இருந்தது. ஆபீஸ் அகராதியைப் புரட்டினேன்; இல்லை. கோலாலம்பூரில் ஏதோ ஓர் இலாகா என்று தீர்மானித்து, முதுகில் பி.டி.க்யூ. என்று எழுதி ஒரு பைல் திறந்தேன். அப்படி வந்த காகிதங்களையெல்லாம் தேதிவாரியாக அதில் சேர்த்துவந்தேன். 'சீக்கிரம் செய்து தொலை' என்பதுதான் அதற்குப் பொருள் என்று தெரிய ஆறு வருஷம் ஆயிற்று. அதற்குள் பைல் மூன்று பாகமாகியிருந்தது. துரை அலமாரியில் அதைப் பார்த்திருக்கிறார். ஒன்றும் சொன்னதில்லை.

நான் மட்டும் இல்லை. தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரெஸர் நல்லுசாமி, நோயாளிகள் பட்டியலைத் தினமும் துரைக்கு அனுப்புவார். இன்ன நோய் என்று அவருக்கே பிடிபடாத இடங்களில் துரை ஜி.ஓ.கே. என்று எழுதித் திருப்பி அனுப்புவார். கடவுளுக்குத்தான் தெரியும் என்று அர்த்தம். நல்லுசாமி அதைப் புது நோய் ஒன்றின் பெயர் என்று எடுத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் அவரே 'ஜி.ஓ.கே., இரண்டு நாள் ஓய்வு' என்று சீட்டு எழுத ஆரம்பித்தார். ஆட்களும் மருந்தக வாசலில் வந்து, தங்களுக்கு நேற்று ராத்திரியிலிருந்து ஜி.ஓ.கே. என்று சொன்னார்கள். இரண்டு நாளில் அது குணமாகிவிடும்.

இவற்றின் பொருளெல்லாம் எனக்கு ஒரே நாளில் தெரியவந்தது. ஊருக்குக் கிளம்பவிருந்த ஒரு சின்னத்துரை, உதவி மேனேஜர், இரண்டு போத்தல் பீருக்குப் பிறகு வரிசையாகச் சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் என்.பி.ஜி. என்பதும் தெரிந்தது. நோ பிளடி குட். எதற்கும் உதவாத சனியன் என்று சொல்லலாம். நடுவில் இருப்பது கெட்ட வார்த்தையா இல்லையா என்று வெள்ளைக்காரர்களுக்குள்ளேயே தகராறு உண்டாம். ஓடாத தராசு, கட்டிதட்டிப்போன உரம், ஒழுகும் கொதிகலன் எல்லாவற்றுக்கும் துரை அந்த எழுத்தைப் போடுவார். ஆட்கள் பதிவேட்டில் ஒரே ஒரு பெயருக்கு எதிரே போட்டிருந்தார், சிவப்புப் பென்சிலில்.

கருப்பையா கவ்வாத்துக் கங்காணி. தேயிலைச் செடிகளை இடுப்பளவுக்கு வெட்டிவிடும் ஆட்களை மேற்பார்க்கிற வேலை. முப்பது வருஷ சர்வீஸ். பெரிய கங்காணி இடம் இரண்டு தடவை காலியானது; இரண்டு தடவையும் வேறு ஆளுக்குப் போயிற்று.

எழுபத்தொன்பது மார்ச்சில் ஒரு நாள், மனைவி இராசம்மாவோடு ஜன்னலுக்கு வந்தார். கையில் பத்திரிகையின் மாதிரித் தாள். மகள் திலகத்துக்கு ரிங்லெட்டில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா சிங்காரம் காய்கறி மொத்த வியாபாரி. திரிங்காப்பிலிருந்தும் கோலா தெர்லாவிலிருந்தும் முட்டைக்கோஸ் ஏற்றி இறக்கும் மூன்று லோரிகள் அவருக்கு உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் மாநில அரசின் சேவைப் பதக்கம் வாங்கியவர். அதற்கான பி.ஜே.கே. என்ற எழுத்துகள் மூன்று லோரிகளின் கதவிலும் இருந்தன. பத்திரிகையிலும் இருந்தன.

"பாருங்க ஐயா," என்றார் இராசம்மா. "அந்தப் பக்கம் எழுத்தா நிக்குது. நம்ம பக்கம் மொட்டையா இருக்கு."

"அது என்னத்துக்குலா உனக்கு," என்றார் கருப்பையா.

"எனக்கில்ல. நாளைக்கு அந்த வீட்டுல எவளாவது கேப்பா, உங்கப்பனுக்கு என்ன இருக்குன்னு. புள்ள என்ன சொல்லும்? கத்தி இருக்குன்னா?"

கருப்பையா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"துரை என் பேருக்கு நேரா போட்டிருக்காரே ஐயா. செகப்புல. இ.பி.எஃப். பாரத்துல கையெழுத்து வைக்க வந்தப்பப் பார்த்தேன். பக்கத்தைத் திருப்பியும் பார்த்தேன், வேற யாருக்கும் போடல." கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் பேனாவால் மூன்று எழுத்து. "இதப் போட்டுக்கலாமுங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மனைவியின் முன்னால் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். வசவைக் கொஞ்சம் மெதுவாக்கிச் சொல்ல ஒரு வார்த்தை தேடினேன். 'அது பட்டமில்லை, ஆபீஸ் குறிப்பு' என்று சொன்னால், 'என்ன குறிப்பு?' என்று கேட்பார். அதற்கும் ஒரு பதிலை உண்டாக்கிக்கொண்டு நான் நிமிர்ந்தபோது இருவரும் சாலை வளைவில் போய்க்கொண்டிருந்தார்கள். 'சரிங்க ஐயா' என்று அவர் சொன்னது அப்போதுதான் என் காதில் ஏறியது.

ஓடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். தாப்பா டவுனில் அச்சாகி வர ஒரு வாரம் ஆயிற்று. பேசாமல் இருந்து பழகியவனுக்கு ஒரு வாரம் என்பது மிகக் குறைந்த காலம்.

முன்னூறு பத்திரிகை. முதலாவது மாரியம்மன் காலடியில் வைக்கப்பட்டது. இரண்டாவது, வெற்றிலைத் தட்டோடு மேனேஜருக்கு வந்தது. எங்கள் தோட்டத்துக்கு வந்த முதல் தமிழ் மேனேஜர் ராதாகிருஷ்ணன். பினாங்கில் படித்து, சீமையிலும் மூன்று வருஷம் படித்தவர். பத்திரிகையை மேலிருந்து கீழாக வாசித்தார். ஓர் இடத்தில் நின்றார். என்னைப் பார்த்தார். நான் டைப்ரைட்டரைப் பார்த்தேன்.

"ஞாயித்துக்கிழமைதானே? வந்துர்றேன்," என்றார் கருப்பையாவிடம்.

கருப்பையா போன பிறகு பத்திரிகையை மேசைமேல் வைத்து விரலால் தட்டினார்.

"இது யாரு வேலை, அமிர்தலிங்கம்?"

"பழைய துரை எழுதினது சார்."

"அது தெரியுது. கார்டுல யாரு போட்டது?"

"நான் வேணாம்னு சொல்லல சார்."

அவர் இந்தத் தோட்டத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பதிலைப் புரிந்துகொள்ள அது போதுமானதாக இருந்தது.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"யாரு சொல்றது?"

வெளியே கொழுந்து மூட்டைகளை எடை போடுகிற சத்தம் கேட்டது.

"நான் சொல்ல மாட்டேன்," என்றார். "எனக்கு முந்தி இருந்தவர் போட்டது. நான் எதுக்கு." பத்திரிகையை இழுப்பறையில் வைத்து மூடினார்.

மறுநாள் காலைப் பெரட்டுக் களத்தில், பெயர் கூப்பிடக் கூடியிருந்த ஆட்களிடையே இதே பேச்சுதான். பனி இறங்கிக்கொண்டிருந்தது. சங்கச் செயலாளர் வீரப்பனும் டிரெஸர் நல்லுசாமியும் எதிரெதிரே நின்றார்கள்.

"நேஷனல் போர்டுலா," என்றார் வீரப்பன். "'ஜி'ன்னா கவர்மெண்ட். நேஷனல் போர்டு ஆஃப் கவர்மெண்ட்."

"ஆஃப் எங்க போச்சு?"

"ஆஃபெல்லாம் போட மாட்டாங்க. யுனைட்டெட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா, யு.எஸ்.ஏ. அவனே போடல."

நல்லுசாமி யோசித்தார். "போடலதான். இருந்தாலும் இது தோட்டம். 'ஜி'ன்னா கார்டன். நேஷனல் பெஸ்ட் கார்டன். நான் எழுத்துலயே பொழங்குறவன், எனக்குத் தெரியாதா?"

"உமக்குத் தெரிஞ்சது ஜி.ஓ.கே. ஒண்ணுதான்."

கொழுந்து பறிக்கும் வேலாயி கூடையை முதுகில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்: "என்னவா இருந்தா என்ன. மனுசன் முப்பது வருஷம் மழையில நின்னாரு. குடுத்துட்டுப் போறாங்க."

"நிக்கிறதுக்கெல்லாம் குடுத்தா எருமைக்கும் குடுக்கணும்," என்றார் வீரப்பன்.

"உனக்குக் குடுக்கலன்னு கடுப்பு. நீதான் நிக்கிறதே இல்லையே, நாற்காலியை விட்டு."

வீரப்பன் என் பக்கம் திரும்பினார். "கிராணி, நீங்க சொல்லுங்க. போர்டுதானே?"

நான் வருகைப் புத்தகமான செக்ரோலைத் திறந்து முதல் பெயரைத் தேடினேன்.

"பார்த்தீரா," என்றார் வீரப்பன். "சத்தம் இல்ல. போர்டுதான்."

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கையில் சிங்காரமே ஆபீசுக்கு வந்தார். லோரியை வாசலில் நிறுத்திவிட்டு, ஜன்னலுக்குப் போகாமல் நேராக உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தார். கனத்த மனிதர். சட்டைப் பையில் எங்கள் பத்திரிகை.

"கிராணி, தப்பா எடுத்துக்கக் கூடாது. நான் யாவாரி. மூட்டைக்கு மேல நல்ல கோஸை வச்சு அடியில அழுகினதைப் போடுறவன்கிட்ட அடுத்த லோரி எடுக்க மாட்டேன். சம்பந்தம்னாலும் அப்படித்தான். இல்லாததை இருக்குன்னு போட்டிருந்தா இந்தக் கல்யாணத்தை யோசிக்கணும். அதான் வந்தேன்."

பத்திரிகையை விரித்து அந்த எழுத்துகளின்மேல் விரலை வைத்தார்.

"என்னுது அரமனையில வாங்குனது. போட்டோ இருக்கு. இது யாரு குடுத்தது?"

சாதாரணமாக நான் தலையைக் குனிந்திருப்பேன். ஆனால் சிங்காரம் எங்கள் தோட்டத்து ஆள் இல்லை. சத்தம் இல்லாவிட்டால் சம்மதம் என்று அவருக்குத் தெரியாது. ஏதோ மறைக்கிறேன் என்று எடுத்துக்கொண்டு எழுந்து போயிருப்பார்.

"வில்கின்ஸ் துரை," என்றேன். "கைப்பட எழுதினார்."

"எழுத்துல இருக்கா?"

பதிவேட்டை எடுத்துக் காட்டினேன். சிவப்புப் பென்சில் கொஞ்சமும் மங்கவில்லை. அவர் மரியாதையோடு, தொடாமல் பார்த்தார்.

"இன்னும் யாருக்கெல்லாம் குடுத்தாரு?"

"ஆளுங்கள்ல வேற யாருக்கும் இல்ல."

"பதினெட்டு வருஷத்துல ஒரே ஆளுக்கா?"

"ஒரே ஆளுக்கு."

"இப்ப குடுக்கிறாங்களா?"

"துரை போனப்புறம் யாரும் குடுக்கிறதில்ல."

சிங்காரம் நாற்காலியில் சாய்ந்தார். கடைசிக் கேள்வியைக் கேட்க அவருக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. "நம்ம பி.ஜே.கே.வுக்கு இது மேலயா, கீழயா?"

இதற்கு நான் நிறைய நேரம் எடுத்துக்கொண்டேன்.

"ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்க்க முடியாது," என்றேன்.

"அதான் நானும் நெனச்சேன்." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். கொஞ்சம் சுருங்கியவராகத் தெரிந்தார். ஆனால் மகிழ்ச்சியாகத்தான் இருந்தார். "மேடையில பேரு வாசிக்கிறப்ப எழுத்தோடதான் வாசிக்கணும்னு சொல்லிர்றேன். தாப்பாவுலேருந்து நவமணி சார் வர்றாரு, பழைய ஹெட்மாஸ்டர். இங்கிலீஷ்ல அவரை அடிச்சுக்க ஆளில்ல. அவருதான் மைக்ல வாசிக்கப் போறாரு."

லோரி போன சத்தம் அடங்கிய பிறகும் பதிவேடு என் முன்னால் திறந்தே கிடந்தது. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அப்படியிருந்தும் அன்று மத்தியானம் நான் சாப்பிட வீட்டுக்குப் போகவில்லை. இங்கிலீஷில் அடிச்சுக்க ஆளில்லாத ஒருவர், ஐந்நூறு பேர் முன்னால், மைக்கில், அந்த எழுத்துகளைப் பார்த்ததும் என்ன செய்வார் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சிரித்துவிட்டால் போதும். ஒரு பெண் மணவறையில் உட்கார்ந்திருப்பாள்.

எட்டாம் நம்பர் மலையில் கவ்வாத்து நடந்துகொண்டிருந்தது. ஏறிப் போனேன். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வெட்டிய செடிகளுக்கு நடுவே கருப்பையா தனியாக உட்கார்ந்து கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். கிராணி மலை ஏறி வருவது வழக்கமில்லை. எழுந்து நின்றார். உட்காரச் சொன்னேன். நானும் உட்கார்ந்தேன். கத்தி ஐந்தாறு முறை கல்லில் போய் வந்தது.

"கங்காணி, அந்த எழுத்து."

"சொல்லுங்க."

"அது பட்டம் இல்ல."

கத்தி நின்றது. "பின்ன?"

"துரை திட்டி எழுதினது. எதுக்கும் ஆகாத ஆளுன்னு."

"மூணு எழுத்துலயா?"

"மூணு எழுத்துலதான்."

"முழுசா சொல்லுங்க."

சொன்னேன். வார்த்தை வார்த்தையாக. அவர் அதை ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தார்.

"நோ தெரியும். குட் தெரியும். நடுவுல உள்ளது?"

"அதுக்கு அர்த்தம் கிடையாது. கோவத்துக்குப் போடுறது."

"அர்த்தம் இல்லாததுக்கு ஒரு எழுத்தா," என்றார். பிறகு, "எந்த வருஷம் போட்டாரு?"

"அறுபத்தாறு. நவம்பர்."

அவர் எதிர் மலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பதினாலாம் நம்பர். ஓடைக்கு மேல் செங்குத்தாக நிற்கிற சரிவு. அந்த மழைக்காலத்தில் அங்கே கவ்வாத்துக்கு ஆள் ஏற்றச் சொன்னார் துரை. மண் இளகியிருக்கிறது, ஏற்ற மாட்டேன் என்றார் கருப்பையா. பதினோரு நாள் தன் ஆட்களைக் கீழேயே புல் வெட்ட வைத்தார். துரை மழையில் நின்று கத்தியது ஆபீஸ்வரைக்கும் கேட்டது. பிறகு மழை நின்றது. மலை இருந்த இடத்திலேயே இருந்தது. கவ்வாத்து தவறிப்போய் அந்த வருஷம் அங்கே கொழுந்து சரியாக வரவில்லை. அதற்குப் பிறகுதான் சிவப்புப் பென்சில்.

"கம்பைக் குத்துனா முழங்கை வரைக்கும் போச்சு," என்றார் கருப்பையா.

"ஆமா."

"ஆனா மலை சரியல."

"சரியலதான்."

"சரிஞ்சிருந்தா வேற எழுத்து குடுத்திருப்பாரு."

கத்தியை ஓரமாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்களுக்கு எப்பத் தெரியும் ஐயா?"

"எழுதின அன்னைக்கே."

"பெரிய கங்காணி வேலைக்கு ரெண்டு தரம் வந்து ஜன்னல்ல நின்னேனே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"நீங்க ஒண்ணும் சொல்லல. கெடைச்சிரும்னு நெனச்சுக்கிட்டுப் போனேன். ரெண்டு தரமும் வீட்டுல சொல்லிட்டேன்."

பனி மேலேறி எங்கள் இருவருக்கும் நடுவே புகுந்து, விலகிப் போயிற்று. பிறகு, சிங்காரம் வந்ததையும் ஹெட்மாஸ்டர் மைக்கில் வாசிக்கப்போவதையும் சொன்னேன். வாசிக்க வேண்டாம் என்று நானே சிங்காரத்திடம் போய்ச் சொல்கிறேன் என்றேன்.

"ஏன்னு கேப்பாரு."

"கேப்பார்."

"சொன்னா கல்யாணம் நிக்கும்."

"நிக்கலாம்."

"மேனேஜருக்கு அர்த்தம் தெரியுமா?"

"தெரியும்."

"அந்த ஹெட்மாஸ்டருக்கு?"

"தெரிஞ்சிருக்கும்."

அவர் எண்ணிப் பார்ப்பதுபோல் விரல்களை மடக்கினார். "அப்ப ஐந்நூறு பேர்ல தெரிஞ்சவங்க மூணு பேரு. என்னோட நாலு." எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். "வாசிக்கட்டும் ஐயா. இராசம்மாகிட்ட மட்டும் இது போகக் கூடாது. உங்க வாயிலேருந்து போகாது, அதுல எனக்குப் பயமில்ல."

அதைக் குத்தலாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கல்யாணம் ரிங்லெட் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் நடந்தது. நான் ஆறரை மணிக்கே போய்விட்டேன். நவமணி சார் ஒல்லியான கிழவர். வெள்ளைக் கால்சட்டை, கறுப்புக் கோட்டு. மைக்குக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வாசிக்கவேண்டிய பெயர்களைப் பத்திரிகையில் அடிக்கோடிட்டுக்கொண்டிருந்தார். பென்சில் ஓர் இடத்தில் நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மறுபடியும் பார்த்தார். பக்கத்தில் நின்ற என்னிடம் கேட்டார்.

"தம்பி, நீங்க பொண்ணு வீடா? இது என்ன?"

நான் யோசிக்கவில்லை. பதினாலாம் நம்பர் மலை, நவம்பர் மழை, முழங்கைவரை இறங்கிய கம்பு, பதினோரு நாள், சரியாத மலை, சிவப்புப் பென்சில், ஜன்னல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவ்வளவு பேச்சை நான் அதற்கு முன் ஒரே நேரத்தில் பேசியதில்லை. கிழவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அவருக்குத் தெரியுமா இப்ப?"

"தெரியும் சார். வாசிக்கட்டும்னு சொல்லிட்டார்."

"அந்தப் பதினோரு நாளும் அந்த மலையில ஏறியிருக்க வேண்டிய ஆளுங்க எத்தனை பேரு?"

"இருபத்திரண்டு பேர் சார்."

"வந்திருக்காங்களா?"

பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்களையும், தண்ணீர் தூக்கிக்கொண்டிருந்தவர்களையும் காட்டினேன். நிறையப் பேர் அவர்கள்தான்.

முகூர்த்தம் முடிந்ததும் நவமணி சார் மைக்கைப் பிடித்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் பெயரைப் பட்டத்தோடு வாசித்தார். பிறகு, பெண்ணின் தகப்பனார் கருப்பையா என்று வாசித்து, ஒவ்வோர் எழுத்துக்கும் இடையே ஒரு மூச்சு விட்டு, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் முதல் பரிசு அறிவிப்பதுபோல, என்., பி., ஜி. என்றார். சிரிக்கவில்லை. சனங்கள் கை தட்டினார்கள். நல்லுசாமி பக்கத்திலிருந்தவரிடம், கார்டன், கார்டன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இராசம்மா கண்ணைத் துடைத்தார். கருப்பையா எழுந்து, நான்கு பக்கமும் கும்பிட்டு, உட்கார்ந்தார்.

பந்தியில் மேனேஜருக்கு முதல் வரிசையில் இலை. சிங்காரம் கருப்பையாவின் கையைப் பிடித்து அழைத்துவந்தார். காலையிலிருந்து எல்லாருக்கும் அவரை அப்படித்தான் அறிமுகம் செய்துகொண்டிருந்தார்.

"மேனேஜர் சார், நம்ம சம்பந்தி. என்.பி.ஜி. உங்க தோட்டந்தான், உங்களுக்குத் தெரியாததா."

ராதாகிருஷ்ணன் சாப்பிட்ட கையை இலைமேல் வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார். எனக்கு இரண்டு இலை தள்ளி இடம். ரசம் குடித்துக்கொண்டிருந்தேன், நிறுத்தினேன்.

"எந்த வருஷம் குடுத்தாங்க கங்காணி?" என்றார் மேனேஜர். ஆபீசில் தேதி கேட்கிற அதே குரல்.

"அறுபத்தாறுலங்க," என்றார் கருப்பையா.

பதினாலாம் நம்பரில் அந்த வருஷம் கொழுந்து ஏன் குறைந்தது என்று மேனேஜர் பழைய கணக்கைப் பார்த்து முன்பே விசாரித்திருந்தார்; தலையை மெல்ல ஆட்டினார். எழுந்து நின்றார். சாப்பாட்டுக்கு நடுவில் எழுவது நல்லதில்லை என்று யாரோ சொன்னார்கள். அவர் இடது கையை நெஞ்சில் வைத்து ஒரு தடவை குனிந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

சிங்காரத்துக்கு முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா. வெள்ளைக்காரன் காலத்து எழுத்துன்னா அப்படி. அவன் லேசுல குடுக்க மாட்டான்."

"இல்ல சம்பந்தி," என்றார் கருப்பையா. பாயசம் எடுத்து வந்தவனை நிறுத்தி, மேனேஜர் இலையைக் காட்டினார். "லேசுல குடுக்கல."